சத்தம் கேட்டு வாங்கிய கத்தி

அத்தானுக்குப் பட்டறைக்காரர் தர வேண்டியிருந்தது ஒன்பதாயிரம். வட்டி பேசவில்லை, பத்திரம் எழுதவில்லை. லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து, வளைத்துக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாக ஆரம்பிக்க அவருக்கு ஓர் உலையும் ஒரு பட்டடைக்கல்லும் தேவைப்பட்டன. அக்காவின் வீட்டுக்காரரான அத்தான்தான் பணம் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குப் பட்டறைக்காரருக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இன்றைக்கு அந்த மீசை நரைத்துவிட்டது, பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்து இழுக்கிறார்கள். கடன் மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது.

கொடுக்க வக்கில்லாமல் அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பின் வாசலோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். ஆனால் இன்று ஒரே நேரத்தில் நான்கு லாரிகள் நிற்கும் பட்டறை, மாடி வைத்த வீடு, படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்கள். பெரிய கம்பெனி இன்ஜினியர்கள் உடைந்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்து நிற்பார்கள். இப்படிப்பட்டவருக்கு ஒன்பதாயிரம் ஒரு பணமா?

அத்தான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. எத்தனை தடவை கவரில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினாலும், "இருக்கட்டும் மச்சான், எங்க ஓடிப்போகப் போகுது?" என்று தள்ளிவிடுவார். தள்ளிவிட்டுச் சும்மா இருப்பாரா? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலில், நாலு பேருக்கு நடுவில் பட்டறைக்காரர் தன் இரண்டு கைகளையும் விரித்து, "எல்லாம் இந்தக் கை சம்பாதிச்சது" என்று ஆரம்பிக்கும்போது, பக்கத்து நாற்காலியிலிருந்து அத்தான் இருமுவார். ஒரே ஓர் இருமல்தான். பட்டறைக்காரரின் கைகள் தாமாக மடியில் வந்து விழுந்துவிடும்.

அந்த இருமலை நிறுத்த வேண்டும். செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை பாக்கியில்லை.

இந்தத் தடவை கவரோடு போனபோது, அக்கா வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் நீல நிறத்தில் ஒரு கூடாரம். அதன் வாயிலிருந்து அத்தானின் தலை எட்டிப் பார்த்தது.

"வா மச்சான், உள்ள வா. செருப்பை வெளிய விடு, இது வீடு."

"ரெண்டு நாளா அதுக்குள்ளதான் குடித்தனம்," என்றாள் அக்கா. "டீயைக்கூட வாசல்ல நின்னு குடுக்கணுமாம். கதவைத் தட்டிட்டு வான்னு சொல்றாரு. துணிக் கதவை எப்படிடா தட்டுறது?"

விஷயம் இதுதான். நீர் வழங்கும் ஆபீசில் ஒரே மேசைக்குப் பின்னால், ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அத்தான். அவருக்கு இப்போது காட்டுக்குள் ஒரு வாரம் படுத்து எழுந்து வர ஆசை. ஏரிக்கரையில் கூடாரம் போட இடம் விடுகிறார்களாம். விறகு நாமே பொறுக்கிப் பிளந்துகொள்ள வேண்டுமாம். அக்காவும் கூடப் போகிறாள்.

பட்டறைக்காரர் கவரை எடுத்து நீட்டினார். அத்தான் அதை இடது கையால் தள்ளினார். வலது கை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் வழக்கமான பேச்சு வரவில்லை.

"ஒண்ணு செய்யலாம். உனக்குத்தான் இரும்பு காதுல ரகசியம் பேசுமே. காட்டுக்கு ஒரு பெரிய வெட்டுக்கத்தி வேணும். விறகு பிளக்கணும், முள்ளு வெட்டணும், கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவணும். எல்லாத்துக்கும் ஒரே கத்தி. நீ பாத்து எடுத்துட்டு வா. கத்தி சரியா இருந்தா அன்னைக்கே இந்தக் கவரை வாங்கிக்கிறேன்."

"நெசமாவா அத்தான்?"

"நெசமா. ஆனா தப்பா இருந்தா, இனிமே ஆள் மட்டும் வா. கவர் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

பட்டறைக்காரருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மீனுக்குப் போய் நீச்சல் பரீட்சையா? "இதுக்கு எதுக்குக் கடைக்குப் போகணும்? பழைய பட்டை ஒண்ணை எடுத்து நானே நாளைக்கு அடிச்சுத் தர்றேன்."

"அது ஆகாது. உறையும் கடைச் சீட்டும் இருக்கிற கத்தியைத்தான் உள்ள விடுவாங்களாம். கடையில எடு. உன் கண்ணையும் காதையும் வச்சு எடு."

"எடுத்தாச்சுன்னு வச்சுக்குங்க," என்று எழுந்தார் பட்டறைக்காரர்.

எடுத்தாகவில்லை. குழப்பம் அடுத்த நாள் காலையிலேயே ஆரம்பித்தது.

பட்டறையில் பல வருஷமாகக் கூட இருக்கும் வெல்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். சொன்னதுதான் தப்பு. "முதலாளி, கை நீளத்துக்கு வேணும்," என்றார் வெல்டர். "பாம்பு வந்தா தள்ளி நின்னு வெட்ட வேணாமா? குட்டைக் கத்தியை வச்சுக்கிட்டுப் பாம்புகிட்டக் கை குலுக்கவா முடியும்?"

சரி, நீளம் என்று முடிவு செய்தார். வீட்டுக்கு வந்து போனில் தேடினால், தாடிக்காரர் ஒருவர் பனியில் நின்று நீளக் கத்தி வைத்திருப்பவர்களையெல்லாம் கழுவிக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார். கனம்தான் முக்கியமாம், கத்தியின் முதுகு விரல் தடிமன் இருக்க வேண்டுமாம். சரி, கனம். அடுத்த வீடியோவில் தாடியில்லாத ஒருவர், தாடிக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கினால் தோள்பட்டை இறங்கிவிடும், மெல்லிசுதான் வெட்டும் என்றார். ஒருவர் துரு ஏறாத எஃகு என்றார். இன்னொருவர், துரு ஏறாத எஃகு சொரசொரவென்று பல்லுப்பல்லாகப் போய்விடும், துரு ஏறுவதை வாங்கி எண்ணெய் போடு என்றார். முதுகில் ரம்பம் இருந்தால் நல்லது. ரம்பம் இருந்தால் கட்டையால் தட்டிப் பிளக்க முடியாது. நுனி கூராக வேண்டும், நுனியே வேண்டாம். முன்பக்கம் வளைந்தது; வளையாதது.

பட்டறைக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. லாரிக்கு ஒரு பட்டை என்றால் என்ன வண்டி, என்ன சுமை என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்வார். இங்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது. இத்தனைக்கும் இன்னும் யாரும் காட்டுக்கே போகவில்லை.

"ஏங்க, கத்தியைப் பிடிக்கப் போறவங்களுக்கு என்ன தோதுன்னு ஒரு வார்த்தை அவங்களையே கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"கேக்கிறதா? யாரு, நானா? இரும்பைப் பத்தி நான் போய் அந்த மேசைக்காரர்கிட்டக் கேக்கணுமா?"

"கேக்காதீங்க. போனைப் பாத்து முழிச்சுக்கிட்டே இருங்க."

கடைக்கு மனைவியும் கூட வந்தாள். மலையேற, கடலில் முங்க, காட்டில் படுக்க என்று சகலத்துக்கும் சாமான் விற்கிற பெரிய கடை. முகம் தெரிகிற மாதிரி வழுவழுப்பான தரை. உள்சுவர் முழுக்கக் கத்திகள் தொங்கின. பட்டறைக்காரர் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்தார், திரும்பி நடந்தார். முதலில் பார்த்தது எது, இப்போது பார்ப்பது எது என்றே தெரியவில்லை.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனைப் பெண் பக்கத்தில் வந்தாள். "யாருக்கு சார்? எந்த மாதிரி கை? ரொம்ப நேரம் விடாம வெட்டுவாங்களா?"

கழுத்து அட்டைக்கு முன்னால் தன் உள்ளங்கையை விரித்தார் பட்டறைக்காரர். உலைச்சூட்டில் காய்த்துப்போன கை. "இந்த மாதிரி கைம்மா. ஆம்பளைக் கை."

அவள் சுவரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. ஒரு முழத்தில் பாதி இருக்கும். கறுப்பு ரப்பர் பிடி. "எதுக்கும் இதையும் பாருங்க சார். யார் பிடிச்சாலும் கை வலிக்காது. பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஒரே இரும்பு ஓடுது."

வாங்கிப் பார்த்தார். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சொன்னவர்கள் சொன்னதெல்லாம் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதியது. அப்போதுதான் அவருக்குள் இருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டார். அட, இத்தனை பேரிடம் எதற்குக் கேட்டோம்? இரும்பையே கேட்டுவிட்டால் போகிறது!

அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பட்டை உள்ளே வந்தாலும், முழங்கால் உயரத்தில் பிடித்து சிமென்ட் தரையில் போடுவார். நல்ல இரும்பு மணி மாதிரி பாடும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் 'தொப்'பென்று செத்த சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அவர் காது கண்டுபிடித்துவிடும். அவர் பெயர் வாங்கியதே இதில்தான்.

கத்தியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். விட்டார்.

தொப்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வழுவழுப்பான தரைக்கல்லில் ஒரு மூலை பெயர்ந்து தெறித்தது.

"விரிசல்!" என்று கூவினார் பட்டறைக்காரர். "கேட்டீங்களாம்மா? உள்ள விரிசல்! செத்த இரும்பைத் தூக்கிச் சுவத்துல மாட்டியிருக்கீங்க!"

"சார்... சார், அது ரப்பர் பிடி. சத்தத்தை முழுங்கிடும் சார். அதான் அப்படிக் கேக்குது."

"ரப்பர் முழுங்குமா? என்கிட்டயா? நான் எத்தனை லாரி பாத்திருக்கேன் தெரியுமா?"

அடுத்ததை எடுத்தார். அதுவும் ரப்பர் பிடி, தொப். மரப்பிடி போட்ட இன்னொன்று, அதுவும் தொப். ஒரே கடையில் இத்தனை விரிசலா? அந்தப் பெண் சொல்வதும் இருக்குமோ என்று ஒரு நொடி மனசுக்குள் ஓடியது. ஆனால் அதை நிற்க விடவில்லை. கடைசியில், கோடியில் தொங்கிய பெரியதொன்றை எடுத்தார். பிடியும் இரும்புக் குழாய். அதன் அடியில் மூடி; மூடியில் திசைகாட்டி. முதுகில் ரம்பம். விட்டார்.

டிணிங்...! கோயில் மணி தோற்றது. சத்தம் அடங்கவே நேரமாயிற்று.

பட்டறைக்காரரின் முகம் மலர்ந்தது. ஒரு வாரக் குழப்பம் ஒரு நொடியில் தீர்ந்துபோனது. "இது இரும்பு!"

"பிடிக்குள்ள வெறும் கூடு சார்," என்றாள் அந்தப் பெண், குரலைத் தணித்து. "தூண்டில் முள்ளு, தீக்குச்சி எல்லாம் போட்டு வைக்கிறதுக்கு. அந்தக் குழாய்தான் அப்படிப் பாடுது. பாக்க நல்லாயிருக்கும். வெட்டுறதுக்குன்னா..."

"உனக்கு விக்கத் தெரியும்மா. எனக்குக் கேக்கத் தெரியும்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். தரையைப் பார்த்தார், முதலில் விழுந்த கத்தியை எடுத்துப் பார்த்தார். நுனிப்பக்கம் எறும்பு கடித்த மாதிரி ஒரு பல் விழுந்திருந்தது. "தரைக்கல்லை நான் பாத்துக்கிறேன் ஐயா. ஆனா இந்தக் கத்தியை இனி யார் தலையில கட்டுவேன்? நீங்கதான் எடுத்துக்கணும்."

வாதாடிப் பார்த்தார் பட்டறைக்காரர். கூட்டம் கூடியது. மனைவி அவர் முழங்கையை அமுக்கினாள். கடைசியில் இரண்டு கத்திக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தார்கள்.

"அந்த விரிசலை இங்கயே குப்பையில போடு."

"காசு குடுத்திருக்கோம்ங்க," என்று மனைவி அதையும் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் வெல்டரைக் கூப்பிட்டு மணிக்கத்தியைத் தரையில் போட்டுக் காட்டினார். டிணிங். வெல்டர் காதைச் சொறிந்துகொண்டு, பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துத் தரையில் போட்டார். மரப்பிடி போட்ட பழைய சுத்தியல். தொப்.

"இதுலயும் விரிசலா முதலாளி? பட்டறை ஆரம்பிச்ச நாள்லேருந்து இதாலதான அடிக்கிறீங்க?"

பட்டறைக்காரர் சுத்தியலைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். மறுபடி சுத்தியலைத் தானே போட்டுப் பார்த்தார். தொப். ஏதோ ஒன்று பிடிபடுகிற மாதிரி இருந்தது, பிடிபடவில்லை. "போய் வேலையைப் பாருய்யா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே மனைவியோடு அக்கா வீட்டுக்குப் போனார். கூடாரம் இப்போது பின்கட்டில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை சட்டைப்பைக்குள். எதிரே ஒரு காய்ந்த கட்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பட்டறைக்காரர் உறையிலிருந்து கத்தியை உருவினார். முதலில் சிமென்ட் மேடையில் போட்டுச் சத்தம் காட்டினார்.

"ஆகா!" என்றார் அத்தான். "கச்சேரி நல்லாயிருக்கு. கட்டையைப் பிள."

"நீங்களே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க அத்தான்."

"நீதான் எடுத்துட்டு வந்தே. நீயே வெட்டு."

முதல் வெட்டு நன்றாகவே இறங்கியது. பட்டறைக்காரர் சுற்றி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது வெட்டில் முழுப் பலத்தையும் போட்டார். கையில் இருந்தது சட்டென்று லேசானது. குழாய் வாய் பிளந்து, கத்தித் தகடு தனியாகப் பறந்துபோய்த் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. திசைகாட்டி மூடி உருண்டு உருண்டு போய் அத்தானின் காலடியில் நின்றது. வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார் பட்டறைக்காரர்.

அத்தான் குனிந்து இடது கையால் மூடியை எடுத்தார். உற்றுப் பார்த்தார். "பரவாயில்ல மச்சான். வடக்கு எந்தப் பக்கம்னாவது தெரிஞ்சுது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பட்டறைக்காரருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. சத்தம் சரியாக இருந்ததே! ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தை நம்பித்தானே கஞ்சி குடித்தோம்? அந்தக் காது எப்படிப் பொய் சொல்லும்? சட்டைப்பையில் கவர் கனத்தது. இனி அது இந்தப் படி ஏறாது.

"பையில இன்னொண்ணு இருக்கு அண்ணி," என்றாள் மனைவி.

"அதைத் தொடாத அக்கா! விரிசல் அது!"

"விரிசலா? எங்கடா?" அக்கா ரப்பர் பிடிக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடித்துப் பார்த்தாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு கட்டையின் தலையில் கத்தியை வைத்து, ஒரு விறகுத் துண்டால் அதன் முதுகில் தட்டினாள். இரண்டே தட்டு. கட்டை இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. பாதியை நிறுத்தி மறுபடி பிளந்தாள். ஒரு குச்சியை எடுத்து மூன்றே இழுப்பில் முளை சீவினாள். கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கைக்கு அடக்கமா இருக்குடா தம்பி," என்றாள். மூச்சுகூட வாங்கவில்லை.

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்தார். "சரியான கத்தி. ஒத்துக்கிறேன் மச்சான். வேணும்னே முதல்ல அந்தக் குழாயைக் காட்டி விளையாட்டுக் காட்டினியா? உன் காது காதுதான்யா!"

பட்டறைக்காரர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக நின்றது: 'பின்ன, நான் யாரு?' இந்த மூன்று சொல் போதும். கவர் கைமாறும். கடன் தீரும். இருமல் நிற்கும். மனைவி கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தான்," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இதை நான் எடுக்கல. கீழ போட்டு நுனியை உடைச்சேன். கடைக்காரன் என் தலையில கட்டிட்டான். இதைத்தான் விரிசல்னு கடை கூட்டிக் கத்தினேன். நான் பாத்து எடுத்தது அந்த வாளியில கிடக்கு." கவரை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் புரியல அத்தான். கவரை எடுத்துட்டுப் போறேன்."

அத்தான் வலது கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்தார். முழங்கால்மேல் வைத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. காற்றில் இலை ஆடுவதுபோல, அவரைக் கேட்காமல், தன் பாட்டுக்கு ஆடியது.

"ஆறு மாசமாச்சு. டீ கிளாஸே நிக்க மாட்டேங்குது. அதான் கூடாரத்துக்குள்ள உக்காந்து குடிக்கிறேன், யாரும் பாக்க வேணாம்னு. நான் எங்க வெட்டப் போறேன்? இவதான் வெட்டப் போறா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார் பட்டறைக்காரர். கடைக்காரப் பெண் கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது: எந்த மாதிரி கை?

"சொல்லியிருந்தா நீ என்னைப் பாத்துப் பாவப்பட்டிருப்பே. எனக்கு அது வேணாம். மச்சான், ஆபீசுல அத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டேன். நான் செஞ்சதுல நின்னு காட்டுறது என்ன இருக்கு? உன் பட்டறை ஒண்ணுதான். பணத்தை வாங்கிட்டா நான் எதைச் சொல்லிப் பெருமையடிக்கிறது? அதான் வாங்கல." வலது கையைத் திருப்பி உள்ளங்கையை விரித்தார். "இப்ப வாங்கிக்கிறேன். கொஞ்ச நாள் போனா இந்தக் கைல நோட்டு நிக்காது. எண்ணு."

"கத்தி நான் எடுக்கலையே அத்தான்."

"நீ எடுத்திருந்தா இவ கையில குழாயில்ல இருந்திருக்கும்? எண்ணுய்யா."

"வட்டி?"

"வட்டியைத்தான் ஒவ்வொரு கல்யாணத்துலயும் இருமி இருமி வசூல் பண்ணிட்டேனே."

பட்டறைக்காரர் அத்தானுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கவரைப் பிரித்தார். முதல் நோட்டை வைத்ததும் அது நழுவப் பார்த்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அத்தானின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். பட்டறைக்காரர் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். கடைசி நோட்டையும் வைத்துவிட்டு, அந்த விரல்களை மெதுவாக மடக்கி மூடினார்.